'ஒண்ணும் இல்ல சார்' என்று பதில் வந்தால்

கஸ்டமர் சப்போர்ட் வேலையில் டீம் லீட் ஆன முதல் வருடம், மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று மேலே இருந்து சொன்னார்கள். ஒன் ஆன் ஒன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "எப்படிப் போகுது?" என்பேன். "நல்லா போகுது சார்." "ஏதாவது பிரச்சினை?" "ஒண்ணும் இல்ல சார்." சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். அப்படி மூன்று மாதம் ஒண்ணும் இல்லை என்று சொன்ன ஒரு பையன் நாலாவது மாதம் ரிசைன் பண்ணினான். கடைசி நாள் கேன்டீனில் டீ குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நைட் ஷிப்ட் மாற்றிக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தானாம், இரண்டு தடவையும் அவன் வாக்கியத்தை நானே முடித்து வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேனாம். "நீங்க நல்லவர்தான் சார், ஆனா நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள என் அரை மணி நேரம் போயிடும்" என்றான்.

அப்புறம்தான் கோச்சிங் (பதிலை நாமே சொல்லாமல், கேள்வி கேட்டு எதிரில் இருப்பவரையே யோசிக்க வைப்பது) பயிற்சிக்குப் போனேன், இப்போது புதிதாக லீட் ஆகிறவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். கீழே இருப்பவை அவர்களிடம் அடிக்கடி பார்க்கிற தவறுகள், பாதிக்கு மேல் நானே செய்து பார்த்தவை.

மௌனத்தைத் தாங்க முடியாமல் போவதுதான் முதல் தவறு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாயே திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். மேனேஜர்களும் அந்த ஆசிரியர்களைப் போலத்தான். நம் ஆபீஸ்களில் முதலில் வரும் பதில் மரியாதைக்கு வருவது, சார் முகம் கோணக் கூடாது என்று வருவது, அதற்கு அடுத்ததில்தான் விஷயம் இருக்கும். அதை வாங்க நம் வீட்டுத் திண்ணைப் பேச்சில் ஏற்கெனவே ஒரு வார்த்தை உண்டு: "அப்புறம்?" அதைச் சொல்லிவிட்டு டீயை ஒரு வாய் குடியுங்கள். லேப்டாப் மூடியிருக்கட்டும்.

அடுத்தது 'ஏன்'. "ஏன் போன் கால் டைம் கூடுது?" என்று கேட்டால் தமிழில் அது கேள்வியாகவே காதில் விழாது, குற்றப்பத்திரிகை வாசிப்பது போல இருக்கும், எதிரில் இருப்பவர் உடனே தற்காப்பில் இறங்கிவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், நேர்மையாகச் சொல்ல நினைத்தாலும் காரணம் நமக்கே தெரிவதில்லை. ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வரும். ஒரே மாதிரியான 4 ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களிடம் கேட்டார்கள். அதிகம் பேர் எடுத்தது வலது ஓரத்தில் இருந்ததை. காரணம் கேட்டால் துணியைப் பற்றியும் பின்னலைப் பற்றியும் சொன்னார்கள், வைத்திருந்த இடத்தைப் பற்றி ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான்கும் ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள். வேண்டுமென்றே யாரும் பொய் சொல்லவில்லை, கேட்டதும் மனசு ஒரு காரணத்தைத் தயார் செய்து நீட்டிவிடுகிறது.

அதனால் "என்ன நடந்தது? எந்த இடத்தில் சிக்கிச்சு?" என்று கேட்பது நல்லது. நம்மை நாமே கேட்கும்போதும் இதேதான். ராத்திரி படுத்துக்கொண்டு "நான் ஏன் அப்படிக் கத்தினேன்" என்று ஆராய்ந்தால் கடைசியில் தப்பு அவன் பேரில்தான் போய் நிற்கும். "அவன் எந்த வார்த்தை சொன்னப்போ எனக்குச் சுருக்கென்றது?" என்று கேட்டால் ஏதோ பிடி கிடைக்கும்.

ஆணையைக் கேள்வியாக வேஷம் கட்டி அனுப்புவது இன்னொன்று. "நீ ஃப்ளோர் மேனேஜர்கிட்ட பேசிப் பார்த்தா என்ன?" கோச்சிங் வகுப்புக்குப் போய்விட்டு வந்த முதல் மாதம் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள், டீமில் இருப்பவர்களுக்கு இரண்டே நாளில் புரிந்துவிடும். சிஸ்டம் படுத்துக் கிடக்கிறது, கஸ்டமர் லைனில் நிற்கிறார் என்றால் இதைச் செய் என்று நேராகச் சொல்லுங்கள். சேர்ந்து ஒரு வாரம் ஆனவருக்கு வேலை தெரியாது, கற்றுத்தான் தர வேண்டும், அவரிடம் போய் "நீயே யோசி" என்பது கொடுமை. ஜான் விட்மோர் என்ற கோச்சிங் பயிற்சியாளர் பரப்பிய 'க்ரோ' (GROW) முறையில் இலக்கு, நிலவரம், வழிகள், உறுதி என்று நான்கு படிகள் உண்டு, நல்ல முறைதான். அதை டோக்கன் வாங்கிய வரிசையில் ஃபாரம் நிரப்புவது போல ஓட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும்.

ஃபீட்பேக் கொடுத்தால் ஆள் முன்னேறிவிடுவார் என்பதும் அவ்வளவு நிச்சயமில்லை. க்ளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் ஃபீட்பேக்குக்குப் பிறகு வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு ஆள்மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். "உனக்குப் பொறுமையே இல்லை" என்றால் அவன் அன்று முழுக்கத் தன்னைப் பற்றித்தான் யோசிப்பான். "நேத்து மூணாவது காலில் அந்த அம்மா அட்ரஸ் சொல்லி முடிக்கும் முன்னாடியே ஹோல்டில் போட்டுட்டே" என்றால் மாற்றிக்கொள்ள ஒரு இடம் தெரியும்.

ஆழமாகப் பேசுங்கள் என்கிறார்களே, அதில் ஒரு ஆபத்து உண்டு. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று ஒருவர் நம்பிச் சொன்னதை, ஒரு லீட் நல்லெண்ணத்தில் ரிவ்யூ மீட்டிங்கில் எடுத்துச் சொல்லி, பாவம் அவருக்குப் புது பொறுப்பு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஃப்ளோரில் யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை, எல்லாருக்கும் "ஒண்ணும் இல்ல சார்"தான். கேட்டதை வெளியே சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். சிலவற்றை உங்களிடமே வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலியல் தொல்லை என்றால் அது கோச்சிங் விஷயமே இல்லை, 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், அங்கே போக உதவுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் ஒருவர் பேசினால் திறமையாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், தனியே விடாமல் கூட இருந்து 14416க்கு அழைக்க வையுங்கள். அது டெலி மானஸ், அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண்.

தன்னை அறிவதைத் தனியாக உட்கார்ந்து செய்கிற காரியம் என்று நினைப்பதைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அதிகம் அடி வாங்கினேன். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1955இல் தங்கள் பெயர்களைச் சேர்த்து 'ஜோஹாரி சாளரம்' என்று ஒன்றை வரைந்தார்கள். அதன் நான்கு கட்டங்களில் ஒன்று, மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாதது. டைரி எழுதியும் தியானம் செய்தும் அந்தக் கட்டத்துக்குள் போக முடியாது, யாராவது சொல்ல வேண்டும். "என்னைப் பத்தி ஃபீட்பேக் சொல்லுங்க" என்று கேட்டால் சம்பளம் வாங்குகிற யாரும் சொல்ல மாட்டார்கள். "போன மீட்டிங்கில் நான் எந்த இடத்தில் பேச்சைக் கெடுத்தேன்?" என்று குறிப்பாகக் கேட்க வேண்டும், பதில் வந்ததும் விளக்கம் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

எங்கள் ஆபீஸில் போன் கால்களைக் கேட்டு மார்க் போடும் குவாலிட்டி அக்கா ஒருவர், நாள் முழுக்கப் பிறர் பேசுவதைக் கேட்பதே வேலை. அவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "நீங்க கோபப்படுறதே இல்ல தம்பி. ஆனா பேனா மூடியை டக்குன்னு மூடுவீங்க. அதோட நாங்க எல்லாரும் வாயை மூடிப்போம்."

அன்றிலிருந்து மூடியே வேண்டாம் என்று பென்சிலுக்கு மாறினேன். போன வாரம் மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது அக்கா மெதுவாகச் சொன்னார்: "இப்போ அதை மேஜையில தட்டுறீங்க."