பழைய நோட்டு சேர்க்கப் போகிறீர்களா? முதலில் காகிதத்தைப் பாருங்கள்

செல்லாத பழைய நோட்டு ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் கேட்பது "இது எவ்வளவுக்குப் போகும்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். நோட்டு என்பது முதலில் காகிதம், அதற்கு அப்புறம்தான் பணம். காகிதத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் எது அசல், எது பின்னால் யாரோ கைவைத்துச் சரிசெய்தது, எதற்கு ஏன் விலை ஏறுகிறது என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும்.

இதை நான் ஒரு நோட்டைக் கெடுத்துத்தான் கற்றேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1789 முதல் 1796 வரை, அசிஞ்ஞா என்ற நோட்டுகளை வெளியிட்டார்கள். 1792-ஆம் வருஷத்து அசிஞ்ஞா ஒன்று சுருங்கிக் கசங்கிய நிலையில் என்னிடம் வந்தது. இரண்டு துணிக்கு நடுவே வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன். மடிப்பெல்லாம் போய் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: மை இல்லாமல் காகிதத்திலேயே அழுத்திப் பதித்திருந்த புடைப்பு முத்திரை பாதிக்கு மேல் தட்டையாகிவிட்டது. "கள்ள நோட்டு அடிப்பவனுக்குச் சட்டம் மரண தண்டனை தரும், காட்டிக்கொடுப்பவனுக்கு நாடு வெகுமதி தரும்" என்று பிரெஞ்சில் அச்சடித்த நோட்டு அது. அந்த எச்சரிக்கைக்குத் துணையாக அவர்கள் வைத்த பாதுகாப்புக் குறியை, இருநூறு வருஷம் தாங்கி வந்ததை, ஐந்து நிமிஷத்தில் நான் அழித்துவிட்டேன்.

அதனால் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ரப்பரால் அழிக்காதீர்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை வருஷம் போகப் போக மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. அழுக்கான நோட்டு அழுக்காகவே இருக்கட்டும். கழுவி அழுத்திய நோட்டை அனுபவசாலி ஒருவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார், ஏனென்றால் காகிதத்தின் மொடமொடப்பும் மையின் மேடும் போயிருக்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், அது பிடிமானத்தைக் குறைத்து ஓரத்தைக் கிழிக்க வைக்கும். நோட்டைத் தட்டையாக வைத்து விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் மடிப்பும் புடைப்பும் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வாட்டர்மார்க், ஊசி ஓட்டை, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் தெரியும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். செதுக்கிய தகட்டில் அச்சடித்த கோடு லென்ஸில் கூர்மையாக, கொஞ்சம் மேடாகத் தெரியும். ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் அதே கோடு நிறப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி போலிகள் மாட்டிக்கொள்ளும்.

தரத்தைச் சொல்லச் சேகரிப்பாளர்களிடம் ஒரு பொது அளவு இருக்கிறது. யூஎன்சி என்றால் மடிப்பே இல்லாத, புழக்கத்துக்குப் போகாத நோட்டு. நடுவில் மெல்லிய மடிப்பு ஒன்று இருந்தாலே அது ஏயூ. அப்புறம் எக்ஸ்எஃப், விஎஃப், எஃப் என்று கீழே இறங்கும். விற்பவர் சொல்லும் தரத்தை அப்படியே நம்பாதீர்கள், உறையிலிருந்து எடுத்து நீங்களே மடிப்பை எண்ணுங்கள். எடுத்துக் காட்ட மாட்டேன் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

எதைச் சேர்ப்பது என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. நாட்டுக்கு ஒன்று என்று கிடைத்ததையெல்லாம் வாங்கினால் இரண்டு வருஷத்தில் சலித்துவிடும். ஒரு கதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பணவீக்கம் நல்ல கதை. ஜெர்மனியில் 1922 டிசம்பர் தேதியிட்ட 1000 மார்க் நோட்டின் மேலேயே, 1923-இல் சிவப்பு மையில் "நூறு கோடி மார்க்" என்று குறுக்கே அச்சடித்துவிட்டார்கள். புது நோட்டு வடிவமைக்கக்கூட நேரமில்லாத அவசரம் அந்தச் சிவப்பு எழுத்தில் அப்படியே தெரியும். 1946-இல் ஹங்கேரி வெளியிட்ட மிகப் பெரிய நோட்டின் மதிப்பு 1-க்குப் பின்னால் 20 சுழியம், ஆனால் நோட்டில் சுழியங்களைத் தேடினால் கிடைக்காது, எழுத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் டாலரும் இந்தக் கதையில் சேரும், ஆனால் தங்கத் தாளில் பளபளவென்று விற்பதெல்லாம் வெறும் நினைவுப் பொருள், பணமாக யாரும் வெளியிட்டதில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது நோட்கெல்ட். முதல் உலகப்போர் தொடங்கியதிலிருந்து 1923 வரை, சில்லறைத் தட்டுப்பாட்டால் ஜெர்மனியில் ஊர்கள் தாங்களே அச்சடித்த அவசரப் பணம் அது. ஹாமெல்ன் ஊர் தன் எலி பிடிப்பவன் கதையை நோட்டில் போட்டது, பீலெஃபெல்ட் பட்டுத் துணியிலேயே அச்சடித்தது. சேகரிப்பாளர்களை நினைத்தே பல தொடர்களை அடித்ததால் நல்ல நிலையில் நிறையவே மிஞ்சியிருக்கின்றன. தவறு செய்து கற்க இதைவிட நல்ல இடம் இல்லை.

போலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பு 1861 முதல் வெளியிட்ட நோட்டுகளுக்குப் பிற்காலத்தில் ஏராளமான நகல்கள் வந்தன. இந்த நோட்டுகளில் பழுப்பேற்றிய, மொறமொறவென்று சத்தம் போடும் காகிதம் என்றாலே சந்தேகப்படுங்கள். அசலில் (50 சென்ட் நோட்டைத் தவிர) கையெழுத்துகளைப் பேனாவால் போட்டிருப்பார்கள். அந்த மை பழுப்பாக மாறி, சில சமயம் காகிதத்தையே அரித்துப் பின்பக்கம் வரை தெரியும். நகலில் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சாகியிருக்கும். போர்க்காலத்திலேயே, 1862-இல், பிலடெல்பியாவில் சாமுவேல் அப்ஹாம் என்ற வியாபாரி நகல் அடித்து ஓரத்தில் தன் பெயரையும் போட்டு விற்றார். வாங்கியவர்கள் ஓரத்தை வெட்டிவிட்டு நோட்டாகவே மாற்றினார்கள். இன்று அந்த நகல்களையும் தேடி வாங்குகிறார்கள். ஓரம் வழக்கத்தைவிடக் குறுகலாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பத்திரப்படுத்துவது சுலபம். பிவிசி உறை மட்டும் வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை நோட்டில் ஒட்டிக்கொள்ளும். பிரித்ததும் கடுமையான பிளாஸ்டிக் வாசனை வந்தால் அந்த உறையை ஒதுக்குங்கள். பாலியெஸ்டர் உறைதான் பாதுகாப்பு, மைலார் என்ற பெயரில் கிடைக்கும். லேமினேட் செய்யவே கூடாது. ஜெம் கிளிப்பும் ரப்பர் பேண்டும் கறை விடும். வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரியில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசை இருந்தால் நல்ல வண்ண நகல் எடுத்து அதை மாட்டுங்கள்.

பழம்பொருளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவதற்கும், செல்லாத நோட்டை வைத்திருப்பதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் இரண்டு பக்கத்துச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, வாங்கிய அன்றே குறிப்பு எழுதுங்கள். எந்த நாடு, எந்த வருஷம், பிக் எண் (ஆல்பர்ட் பிக் தொடங்கிய உலக நோட்டுப் பட்டியலின் எண், உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் நோட்டை அடையாளம் சொல்வது இதை வைத்துத்தான்), யாரிடம் வாங்கியது, எத்தனை மடிப்பு, எந்த மூலையில் கிழிசல். தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உறைக்குப் பின்னால் செருகுங்கள், நோட்டின் மேல் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். என் அசிஞ்ஞாவின் சீட்டில் "இஸ்திரி போட்டது, முத்திரை தட்டை" என்று எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு அதை யார் வாங்கினாலும் அவருக்கு அது தெரிய வேண்டும்.