இசை வரலாற்றுக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கு

இசைத்துறையோ தமிழ்த்துறையோ வரலாற்றுத்துறையோ கல்லூரிகளில் நடத்தும் ஒருநாள், இருநாள் கருத்தரங்குகளில் முனைவர் பட்ட மாணவர்கள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. அமர்வுத் தலைவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒன்று நன்றாகத் தெரியும்: பாதிக் கட்டுரைகள் தலைப்பிலேயே படுத்துவிடுகின்றன. ‘சிலப்பதிகாரத்தில் இசை’, ‘தேவாரப் பண்கள் - ஓர் ஆய்வு’, ‘தமிழிசை மூவர்’. பதினைந்து நிமிடத்தில் இதில் எதைத்தான் சொல்ல முடியும்? எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஒரு கல்வெட்டு, ஒரு இசைத்தட்டு, உரையில் ஒரு பத்தி, ஒரு பழைய கச்சேரி நோட்டீஸ் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள். தேவாரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பதிகங்கள் பண் எனப்படும் பழந்தமிழ் இசை வகைகளில் அமைந்தவை. காந்தாரப் பண்ணில் அமைந்த பதிகங்களையும் கொல்லிப் பண்ணில் அமைந்தவற்றையும் கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார்கள் இன்று நவரோஜ் ராகத்தில்தான் பாடுகிறார்கள். பண் இரண்டு, ராகம் ஒன்று. அப்படியானால் ஒரு காலத்தில் இருந்த வேறுபாடு எங்கே போயிற்று? எப்போது போயிற்று? இந்த ஒரு கேள்வி போதும், கட்டுரைக்கு உயிர் வந்துவிடும். முழு விடை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. விடையைத் தேடக்கூடிய இடங்களை வரிசைப்படுத்திச் சொன்னாலே அது நல்ல கட்டுரைதான். ‘தக்கேசி என்பது காம்போதி’ என்று எழுதுகிறவர்களிடம் நான் எப்போதும் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்வேன்: ‘இன்று’. இன்று தக்கேசியைக் காம்போதியில் பாடுகிறார்கள் என்பது நாம் காதால் கேட்கும் உண்மை. சம்பந்தர் காலத்திலும் அப்படித்தான் என்பது நிரூபிக்க வேண்டிய வேறொரு கூற்று.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டுக்கும் ஒருமுறையாவது போய்வந்த பிறகு எழுத உட்காருங்கள். மியூசிக் அகாடமி 1930 முதல் வெளியிட்டுவரும் ஜர்னலின் பழைய தொகுதிகளையும் புரட்டுங்கள். ஒரு ராகத்தின் லட்சணம் பற்றி வித்வான்கள் கூடி வாதாடியது அதில் அச்சாகியிருக்கிறது. யார் எதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதில்தான் நமக்கு வேண்டிய வரலாறு இருக்கிறது.

அடுத்து, எந்தக் கருத்தரங்குக்குப் போவது? அழைப்பு மடலில் பதிவுக் கட்டணமும் சான்றிதழும் நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணும் கொட்டை எழுத்தில் இருந்து, நிகழ்ச்சி நிரலைக் காணோம் என்றால் விட்டுவிடலாம். ஒரே நாளில் நூறு கட்டுரை என்றால் அங்கே யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு போன் போட்டு இரண்டே விஷயம் கேளுங்கள்: ஒரு கட்டுரைக்கு எத்தனை நிமிடம்? அரங்கில் பாட்டைப் போட்டுக் காட்ட முடியுமா? இரண்டாவது கேள்விக்கு ‘பாட்டா?’ என்று திருப்பிக் கேட்டால், நடப்பது இசைக் கருத்தரங்கு அல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

பாடிக் காட்டாத இசை ஆராய்ச்சி நம் ஊர் மரபே இல்லை. இசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தஞ்சாவூரில் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய்த் தன் சுருதிக் கணக்கை முன்வைத்தபோது, அவருடைய மகள்கள் அதை இசைத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ‘கருணாமிர்த சாகரம்’ என்ற அவருடைய நூல் வந்துவிட்டது. ஒரு ஸ்தாயிக்குள் சுருதி இருபத்திரண்டா இருபத்துநான்கா என்ற சண்டையில் அவர் பக்கம் நிற்காதவர்கள்கூட அவர் வைத்த முறையைப் பின்பற்றலாம்.

ஆய்வுச் சுருக்கம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘இசை மனிதனோடு பிறந்தது’ என்று தொடங்காதீர்கள். முதல் வரியிலேயே நீங்கள் கண்டுபிடித்தது இருக்கட்டும், இரண்டாம் வரியில் எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்பது. நெறியாளர் பெயருக்கு முன்னால் உள்ள பட்டங்களைவிட இந்த இரண்டு வரிதான் தேர்வுக்குழுவின் கண்ணில் படும்.

இப்போது நான் கொஞ்சம் நீட்டிப் பேச விரும்பும் விஷயம்: பழைய ஒலிப்பதிவுகளை எப்படிக் கையாள்வது. இணையத்தில் கிடைத்த ஒரு 78 சுழற்சி இசைத்தட்டுப் பதிவைப் போட்டுவிட்டு, ‘அந்தக் காலத்தில் இவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடியிருக்கிறார்’ என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78இல் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் வேகம் ஐந்து சதவீதத்துக்குமேல் கூடும். சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டை அளவுக்கு, ஏறிவிடும். பாடகரின் குரலும் கொஞ்சம் மெலிந்து கேட்கும். ஆகவே கட்டையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் அந்தப் பதிவு எந்த வேகத்தில் மாற்றப்பட்டது என்று விசாரியுங்கள். விசாரிக்க வழியில்லை என்றால் சுருதியை விட்டுவிட்டுச் சங்கதியை, அதாவது ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவதை, பேசுங்கள். சங்கதி வேகத்தோடு மாறாது.

அதேபோல, தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பதிவாகும். அதில் பாட்டின் கடைசிப் பகுதியான சரணம் இல்லை என்பதை வைத்து, அவர் கச்சேரியிலும் சரணம் பாடவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. சில பழைய தட்டுகளின் முடிவில் பாடியவரே தன் பெயரைச் சொல்வார். கேட்கச் சுவாரசியமாக இருக்கும். அது ரசிகர்களுக்காகச் சொன்னதல்ல. கடல் கடந்து ஜெர்மனியில் தட்டு அச்சிடுகிறவர்கள் இது யாருடைய பாட்டு என்று அடையாளம் காண்பதற்காகச் சொல்ல வைத்தது. லேபிளை ஒட்டி உட்புறம் கீறியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவான காலத்தைக் கண்டுபிடிக்க லேபிளைவிட அது நம்பகமானது.

அரங்கில் போடும்போது முப்பது, நாற்பது நொடிக்குமேல் வேண்டாம். எதைக் கவனிக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டுப் போடுங்கள்: ‘இரண்டாம் முறை வரும்போது நிஷாதத்தைக் கவனியுங்கள்’. போட்ட பிறகு விளக்கினால் கேட்டவர்கள் மறந்திருப்பார்கள். கோப்பை மடிக்கணினியில் இறக்கி வைத்திருங்கள், கல்லூரி வைஃபையை நம்பாதீர்கள். ஒரு சின்ன ஸ்பீக்கரும் பையில் இருக்கட்டும். அரங்கின் மைக்கைக் கைப்பேசியின் வாயில் பிடித்துக் கேட்டால் எல்லா ராகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நேரத்துக்கு வருவோம். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, அதற்கு மேல் இன்னொரு வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து முதல் அமர்வு தொடங்கும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். ‘எல்லாரும் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். எனவே ஒரே கட்டுரையைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று, எட்டு நிமிடத்துக்கு ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று தனித்தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வடிவத்தில் முன்னுரை கிடையாது, சான்றும் கேள்வியும் மட்டும்தான். வேகமாக வாசித்துப் பதினைந்தை ஐந்தில் அடைக்கப் பார்ப்பவர்களைத்தான் சபை முதலில் கைவிடும்.

கேள்வி நேரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் எந்த வரியில் கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக, புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் போகிற போக்கில் ‘மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது’ என்று சொல்லிப் பாருங்கள், பின்வரிசையிலிருந்து யாராவது எழுந்துவிடுவார்கள். கல்வெட்டின் முடிவில் இருப்பது உருத்திராச்சாரியரின் மாணவனான, சிவபக்தியில் சிறந்த ஓர் அரசன் என்பது மட்டும்தான். மகேந்திரன் என்ற பெயர் அங்கே இல்லை. ‘மகேந்திரவர்மன் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுவது’ என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சிலப்பதிகாரம் என்றால் எந்த உரை என்று கேட்பார்கள்: அரும்பதவுரையா, அடியார்க்கு நல்லாரா? உ.வே.சா. 1892இல் அச்சிட்ட பதிப்பிலிருந்தே இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. ஆனால் உரைகாரர்கள் இருவர், காலமும் வேறு. கலந்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேட்பவர்களில் ஓதுவாரோ ஓய்வுபெற்ற நாகசுர வித்வானோ இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அவர் ‘அப்படி வராதே தம்பி’ என்று பாடிக் காட்டினால் வாதாடாதீர்கள். அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். யாரிடம் பாடம் கேட்டார், எந்த ஊரில், எந்தக் கோயிலில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பேராசிரியர்கள் பக்கம் போகாமல் அவர் பக்கத்து இலையில் உட்காருங்கள்.

கடைசியில் ஆய்வுக்கோவை, அதாவது கருத்தரங்குக் கட்டுரைகளின் தொகுப்பு நூல். பெரும்பாலும் கருத்தரங்கு நடக்கும் நாளிலேயே நூல் அச்சாகிக் கைக்கு வந்துவிடுகிறது. அதாவது அரங்கில் கிடைத்த திருத்தம் எதுவும் அதில் ஏறாது. முடிந்தால் பிறகு வெளியிடும் கருத்தரங்குகளைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நூலுக்குச் சுருக்கமான வடிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு, விரிவான கட்டுரையைத் திருத்திய பிறகு ஓர் ஆய்விதழுக்கு அனுப்பலாமா என்று இரு பக்கமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். யூனிகோடில் அனுப்பினால் ஸ்தாயியைக் காட்டச் சுரக்குறிப்பின் மேலும் கீழும் வரும் புள்ளிகள் அச்சில் காணாமல் போவதுண்டு. மேல் ஸ்தாயி ஸட்ஜமம் மத்திய ஸ்தாயிக்கு இறங்கிவிட்டால் வாதமே கவிழ்ந்துவிடும். அதனால் சுரவரிகளைப் படமாகவும் ஒரு பிரதி அனுப்பி, மெய்ப்பு பார்க்கத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.