வேப்பெண்ணெயைக் கோழிக்குத் தடவாதீர்கள், கூண்டுக்கு அடியுங்கள்

எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பேனுக்கும், ரத்தம் குடிக்கும் சின்னப் பூச்சியான செள்ளுக்கும் பார்க்கிற வைத்தியத்திலும், கூண்டுத் தரையில் உமி, மரச்சீவல் மாதிரிக் கூளம் போடுகிற முறையிலும், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைத்தான் செய்கிறார்கள். தண்ணீர்த் தட்டைக் கழுவுங்கள், காற்றோட்டம் விடுங்கள் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

கோழியைப் பார்ப்பார்கள், கூண்டைப் பார்க்கமாட்டார்கள்

அதிக நட்டம் இதில்தான். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பக்கத்து ஊரில் ஒரு தம்பி. அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து எழுந்து போகிறது, கொண்டை வெளுத்துவிட்டது என்று கூப்பிட்டார். "பேன் ஒண்ணும் இல்லீங்கண்ணா, பகல்ல இறகைப் பிரிச்சுப் பாத்துட்டேன். இருந்தாலும் வேப்பெண்ணெய் நல்லாத் தடவி விட்டிருக்கேன்" என்றார். இருட்டிய பிறகு டார்ச்சோடு போனோம். கோழிகள் ஏறி உட்கார்வதற்குக் கட்டியிருந்த மூங்கிலின் வெடிப்பில் வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். துணியெல்லாம் ரத்தக் கோடு. கோழி ரத்தம் குடித்த செள்ளுகள் நசுங்கியதுதான் அது.

பேன் வேறு, செள்ளு வேறு. பேன் பிறந்து சாகிறவரை கோழி மேலேயே கிடக்கும். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகை விலக்கினால், இறகின் அடியில் முட்டைகள் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருப்பது பகலிலேயே தெரியும். இந்தச் சிவப்புச் செள்ளு அப்படியில்லை. பகல் முழுக்க மூங்கில் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் அடைக்கூடையின் பின்னலிலும் ஒளிந்துகொள்ளும். ராத்திரி ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். வெயில் காலத்தில் முட்டை பெரிய செள்ளாக மாற ஒரு வாரம் போதும். கோழியே இல்லாத கூண்டில்கூடப் பல மாதம் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும். அதனால், "ஒரு மாசம் கூண்டைச் சும்மா போட்டிருந்தேன்" என்பதில் பயனில்லை.

அடைக்கோழிக்கு எண்ணெய் தடவுவதில் இன்னொரு கேடு இருக்கிறது. நெஞ்சில் தடவிய எண்ணெய் முட்டை ஓட்டில் படியும். ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் உள்ளே இருக்கும் கரு மூச்சு விடுகிறது. அந்தத் தம்பியின் முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது பாதி வளர்ந்த குஞ்சுகள் செத்துக் கிடந்தன. எண்ணெயால் எத்தனை செத்தன, கோழி எழுந்துபோய்க் குளிர்ந்ததால் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூண்டை முதலில் பார்த்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். பகலில் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, பழைய கூளத்தையும் வைக்கோலையும் மொத்தமாக அள்ளித் தள்ளி எரித்துவிடுங்கள். இடுக்குகளில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றுங்கள். காய்ந்ததும் லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கி, வெடிப்புக்குள் இறங்கும்படி அடியுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் பொந்துகள் அடைபடும். செள்ளின் முட்டைகள் தப்பியிருக்கும் என்பதால் ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் மறுபடி அடிக்க வேண்டும். முதல் தடவையோடு நிறுத்துகிறவர்கள்தான் "வேப்பெண்ணெய் வேலை செய்யாது" என்கிறார்கள்.

வெடித்த மூங்கிலை எடுத்துவிட்டு இழைத்த கட்டையை வையுங்கள். அது சுவரைத் தொடக் கூடாது. அடை வைக்கும்போது கூடையில் இரும்புத்துண்டும் கரியும் வரமிளகாயும் போடச் சொல்லித் தந்த பாட்டிகள், அதற்கு முன்னால் கூடையை நல்ல வெயிலில் காயவைத்தார்கள். அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

எறும்புப் பொடி

அடைக்கூடையில் தூவாதீர்கள். விஷம்.

சாம்பல்

சாம்பலும் மணலும் கலந்த மண்குளியல் பேனுக்கு நல்லது, ஆனால் மூங்கிலுக்குள் கிடக்கும் செள்ளை அது தொடாது. விறகுச் சாம்பலாக இருக்கட்டும், ஆறியிருக்கட்டும், நனையாமல் கூரைக்கடியில் இருக்கட்டும். நனைந்த சாம்பல் காரம், காலையும் தோலையும் அரிக்கும். குப்பை எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம்.

குஞ்சுக்கு மரத்தூள்

பொடித் தூளைத் தீவனமென்று நினைத்துக் கொத்தும், இரைப்பை அடைத்துக்கொள்ளும். மரச்சீவல் அல்லது நெல் உமி போடுங்கள். உமியையும் முதல் சில நாள் கொத்தத்தான் செய்யும், அதனால் மேலே காகிதம் விரியுங்கள். வழவழப்பான காகிதம் வேண்டாம், கால் வழுக்கி அகன்றுவிடும். கடலைத்தோல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பூஞ்சை வாடை இருந்தால் குஞ்சின் நுரையீரலுக்கு ஆபத்து. தேங்காய் நார்க்கழிவு ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் கிளறிவிடாமல் போட்டால் அடியில் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஈரக் கூளத்தின் மேல் புதுக் கூளம்

போடாதீர்கள். நனைந்ததை அள்ளிவிட்டுப் போடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள்: கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டைபோல் நின்றால் ஈரம் அதிகம். ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகள் ஈரமும் சூடும் சேர்ந்தால் ஓரிரு நாளில் தொற்றத் தயாராகிவிடும். மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகள்தான் இதில் அதிகம் சாகின்றன. எச்சத்தில் ரத்தம் கண்டால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருந்து வேண்டும்.

குடற்புழுவுக்குப் பாகற்காய்ச் சாறு

கொடுக்கலாம், தப்பில்லை. அதை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் தப்பு. கோழி தின்றும் இளைத்தால், காலையில் புதிதாக விழுந்த எச்சத்தைச் சின்ன டப்பாவில் அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போய், புழு முட்டை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் புழு என்று தெரிந்தபிறகு மருந்து கொடுங்கள். நாடாப்புழு என்றால் உருளைப்புழு மருந்துகள் பலவும் அதற்குக் கேட்காது.