முந்திரிகை அழுகலுக்கு உயிரி மருந்து: நாங்கள் எங்கே பிழை விடுகிறோம்

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு முந்திரிகைக் (திராட்சை) கொடி நிற்கிறது. உரும்பிராயில் சித்தப்பாவின் பந்தலிலிருந்து கொண்டுவந்த தடி. யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பழகிய கொடி, வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற கொழும்பில் காய்க்க வேண்டும். குலை நிறம் மாறத் தொடங்கியதும் அழுகலும் வந்துவிடும். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போடுகிற பழம் என்பதால், ட்ரைக்கோடெர்மா, பசிலஸ் சப்டிலிஸ் போன்ற உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய உயிரி மருந்துகளுக்கு மாறினேன். முதல் இரண்டு போகமும் பலன் இல்லை. நான் பாவித்த விதம்தான் பிழை என்று பிறகுதான் விளங்கியது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, பிந்தி அடிப்பது. பழத்தில் பூஞ்சணம் தெரிந்த பிறகுதான் பலர் மருந்தைத் தேடுகிறார்கள். ட்ரைக்கோடெர்மா நோய்ப் பங்கசின் இழையைச் சுற்றிக்கொண்டு, நொதியங்களால் அதன் சுவரைக் கரைக்கும். பசிலஸ் பற்றீரியா, பங்கசைத் தடுக்கும் பொருட்களைச் சுரக்கும். எதுவானாலும் வேலை நடப்பது பழத்தின் மேற்பரப்பில். அங்கே முதலில் குடியேறி, இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் பலம். பஸ்ஸில் சீற் பிடிப்பது மாதிரி, முந்தி ஏறியவருக்குத்தான் இடம். தோலுக்குள் போய்விட்ட நோயை அவை துரத்திப் பிடிக்காது. பொட்ரைற்றிஸ் பங்கசு வாடிய பூத்துணுக்குகளில் தொற்றி, பிஞ்சுக்குள் சத்தமில்லாமல் இருந்து, இனிப்பு ஏறும்போது எழும்பும். சூடான ஊர்களில் பழத்தை அழுக வைக்கும் கொலெட்டோட்ரைக்கம் பங்கசும் பச்சைக் காயிலேயே புகுந்துவிடக் கூடியது. அதனால் பூ உதிரும் நேரத்தில் ஒருமுறை, காய்கள் பருத்துக் குலை நெருங்கி மூடுவதற்கு முன் ஒருமுறை, நிறம் மாறத் தொடங்கும்போது ஒருமுறை என்று அடிக்க வேண்டும். குலை மூடியபின் எவ்வளவு அடித்தாலும் உள்ளே மருந்து போகாது. கனமழை கழுவிவிட்டால் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது, எல்லா அழுகலையும் ஒன்றென்று நினைப்பது. குலைக்குக் கிட்டப் போய் மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்து, சின்ன ஈக்கள் மொய்த்தால் அது புளிப்பு அழுகல். வெடித்த பழத்தில் மதுவமும் அசற்றிக் அமிலப் பற்றீரியாவும் சேர்ந்து செய்கிற வேலை அது. அதற்கு ட்ரைக்கோடெர்மா அடித்துக் காசை வீணாக்க வேண்டாம். ஈயையும் பழம் வெடிப்பதையும் தடுக்கப் பாருங்கள். காயில் வெள்ளை மா பூசியது போன்ற சாம்பல் நோயை விட்டுவைத்தால் தோல் வெடிக்கும், அந்த வெடிப்பால் கறுப்புப் பூஞ்சணமான அஸ்பெர்ஜிலஸ் நுழையும். ஆகவே சாம்பல் நோயை முதலில் கவனியுங்கள்.

இரசாயன மருந்தோடு கலப்பதும் அடிக்கடி நடக்கிறது. ட்ரைக்கோடெர்மாவும் ஒரு பங்கசு. கார்பென்டசிம் போன்ற பங்கசுநாசினி அதையும் கொல்லும். இன்னொரு உயிரி மருந்தான சூடோமோனாஸ் பற்றீரியாவுக்குப் போர்டோக் கலவையில் இருக்கிற செம்பு ஆகாது. கலக்காவிட்டாலும், முன்பு அடித்த மருந்தின் மிச்சம் தெளிகருவிக்குள் இருந்தால் போதும். "மெஷினை வடிவாய்க் கழுவாமல் அடிக்காதை தம்பி" என்று சித்தப்பா போனில் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

உயிருள்ள பொருள் என்பதை மறந்தால் வேறு பிழைகளும் வரும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பாவியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் புற ஊதாக் கதிர் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பின்னேரம் வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். தகரக் கூரைக்கடியில் வைத்த பக்கெற்றையும் திகதி கடந்ததையும் நம்ப வேண்டாம். நுண்ணுயிரின் பெயரும் உயிருள்ள எண்ணிக்கையும் காலாவதித் திகதியும் இல்லாத போத்தலை நான் வாங்குவதே இல்லை. தூளைக் கரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

சிலர் மருந்தைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊற வைத்துப் பெருக்கிக் குலைக்கு அடிக்கிறார்கள். அந்த வாளியில் எது பெருகியது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதைவிட, குலையில் ஒட்டும் இனிப்பு அழுகல் பங்கசுக்கே தீனி.

சரி, இவ்வளவும் செய்தும் இலை அடர்ந்து, குலை மணிக்கணக்காக ஈரமாக இருந்தால் எந்த நுண்ணுயிரும் காப்பாற்றாது. காய் பிடித்ததும் குலையைச் சுற்றியுள்ள இலைகளில் சிலவற்றைக் கிள்ளிக் காற்றுக்கு வழி விடுங்கள். கொடியை வெட்டி ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் வரும். நான் இப்போது நவம்பர் தொடக்கத்தில் வெட்டுகிறேன், மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் பழம் முற்றும். அப்போதும் ஒன்றிரண்டு அழுகத்தான் செய்யும். அவற்றைக் கத்தரிக்கோலால் எடுத்து, பையில் போட்டுக் கட்டி, அன்றைக்கே குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். கொடியடியில் போட வேண்டாம்.