சரிவில் மரம் இழுக்கும் வின்ச் எக்ஸ்கவேட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் மரம் வெட்டி விற்கும் காட்டுத் தொழில் கிடையாது. ஆனால் சரிவில் விழுந்த மரத்தை மேலே ஏற்றும் வேலை அவ்வப்போது வரத்தான் செய்கிறது. 2024 செப்டம்பர் 17 அன்று சுமத்ராக் காற்று மணிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் வீசியபோது, தீவு முழுவதும் 300க்கும் மேற்பட்ட இடங்களில் மரங்களோ கிளைகளோ விழுந்தன. சாலையோரம் விழுந்ததை லாரி கிரேன் தூக்கிவிடும். ஃபேபர் மலை, கென்ட் ரிட்ஜ் போன்ற மேட்டுப் பகுதியில் சரிவுக்குக் கீழே கிடப்பதற்கு கிரேன் எட்டாது. வின்ச், அதாவது எஃகுக் கயிற்றை டிரம்மில் சுற்றி இழுக்கும் கருவி, பொருத்திய எக்ஸ்கவேட்டருக்கு வேலை அங்கேதான்.

நன்றாக மண் தோண்டத் தெரிந்த ஓட்டுநர்கூட வின்ச்சில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. தோண்டும்போது பளு மீறினால் பக்கெட் நின்றுவிடும், அது இருக்கையிலேயே தெரியும். வின்ச்சில் பளு நாற்பது மீட்டர் தள்ளி, கண்ணுக்குப் படாத ஒரு பள்ளத்தில் இருக்கிறது.

முதல் தவறு, "இருபது டன் வண்டி, இது எங்கே சாயப்போகிறது" என்ற நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது டன் வகை எக்ஸ்கவேட்டரில் இரண்டு டிராக்குகளின் (வண்டி ஓடும் சங்கிலிப் பட்டைகளின்) நடுக்கோடுகளுக்கு இடையே சுமார் 2.2 மீட்டர். பக்கவாட்டில் கவிழாமல் தாங்கும் திறன், சமதரையில், 20 டன்னை அதில் பாதியான 1.1 மீட்டரால் பெருக்கினால் 22 டன்-மீட்டர். கயிறு பூமின் (எக்ஸ்கவேட்டரின் நீண்ட கையின்) நுனி வழியாக, ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, மூன்று டன் பலத்தோடு பக்கவாட்டில் இழுத்தால் கவிழ்க்கும் திறன் 18. தரை பத்து டிகிரி சாய்ந்திருந்தால் அந்த 22-உம் ஏறக்குறைய 18-க்கு இறங்கிவிடும். அதாவது மிச்சம் ஒன்றுமில்லை. இதே மூன்று டன்னைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இழுத்தால் கவிழ்க்கும் திறன் வெறும் 3.

அதற்காக உயரமே கூடாது என்று சொல்லவில்லை. கயிறு சற்று மேலிருந்து வந்தால்தான் மரத்தின் மூக்கு மண்ணில் குத்தாமல் எழும். ஆனால் உயரம் வேண்டுமென்றால் டிராக்குகள் இழுக்கும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். நீளவாக்கில் வண்டி அதிகம் தாங்கும். டிராக்கை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு மேல்பாகத்தை மட்டும் திருப்பி இழுப்பதுதான் பலர் செய்வது, ஏனென்றால் அது சுலபம். போதாக்குறைக்கு, கயிறு பூமுக்கு நேராக இல்லாமல் கோணலாகப் போனால் மேல்பாகமே சுழலப் பார்க்கும். அந்தப் பக்க இழுவையைத் தாங்குவதற்காகச் சுழற்சி பிரேக்கை வடிவமைக்கவில்லை.

அடுத்தது வின்ச்சில் ஒட்டியிருக்கும் தகட்டின் எண். ஐந்து டன் என்று போட்டிருந்தால், அது கயிறு ஏறக்குறைய முழுவதும் வெளியே போய், டிரம்மின் அடிச் சுற்றில் மட்டும் இருக்கும்போதுதான். வெறும் டிரம்மின் ஆரம் 10 செ.மீ., கயிறு நிறைந்தபின் 16 செ.மீ. என்றால் இழுவை சுமார் 3.1 டன்னுக்குக் குறைகிறது. மரம் கீழே தூரத்தில் இருக்கும்போது பலம் அதிகம். மேலே வர வர டிரம் நிறைந்து பலம் குறையும். சரியாக விளிம்பருகே, எங்கே செங்குத்து அதிகமோ அங்கே, மரம் நின்றுபோகும்.

அப்போது ஓட்டுநர் என்ன செய்கிறார்? ஆக்சிலேட்டரைக் கூட்டுகிறார். அதனால் கயிற்றின் வேகம் கூடுமே தவிர பலம் கூடாது; பலத்தைத் தீர்மானிப்பது ஹைட்ராலிக் அழுத்தம். அதுவும் பலிக்காதபோது வின்ச்சைப் பூட்டிவிட்டு வண்டியையே பின்னால் ஓட்டுகிறார். என் கணக்கில் இந்த வேலையிலேயே மோசமான தவறு இதுதான். வின்ச்சுக்கு ரிலீஃப் வால்வு உண்டு, அளவு மீறினால் நின்றுவிடும். வண்டி நகர்ந்து இழுத்தால் கயிற்றுக்கு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 12 மி.மீ. எஃகுக் கயிறு ஒன்பது டன் சுமாருக்கு அறும். அதில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று டன், அவ்வளவுதான் வேலைக்கு எடுக்கலாம் என்பதே மலைக்காட்டு வேலையில் வழக்கம். டிராக் இழுவை அதைப்போல் பல மடங்கு.

நின்றுவிட்டால் கயிற்றைத் தளர்த்துங்கள், போய்ப் பாருங்கள், கட்டும் இடத்தை மாற்றுங்கள் அல்லது மரத்தை இரண்டாக அறுங்கள். பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் வரும். 60 செ.மீ. தடிமனில் ஐந்து மீட்டர் துண்டு 1.4 டன். முப்பது டிகிரி சரிவில் அதை இழுக்க, உராய்வையும் சேர்த்து, அதன் எடை அளவுக்கே பலம் வேண்டும். அது ஒரு அடிக்கட்டையில் மாட்டிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

கப்பி போட்டுத் திசை திருப்பும்போது இன்னொரு ஏமாற்றம். கயிறு போன வழியே திரும்பி வந்தால் கப்பி கட்டிய மரத்தின் மேல் விழும் பளு இரட்டிப்பு. செங்கோணமாகத் திரும்பினால் 1.4 மடங்கு. மூன்று டன் இழுவைக்கு, கப்பியை மரத்தோடு கட்டும் சிலிங்கையும் (பட்டை) மூன்று டன்னுக்கே மாட்டி வைப்பார்கள்; அறுவது அதுதான், கயிறு அல்ல. அப்படி அறுந்தால் கயிறு, வளைவின் உள்பக்கத்தில் நிற்பவரைக் கவணில் வைத்த கல்லின் வேகத்தில் வாரிக்கொண்டு போகும். ஆகவே சிக்னல் கொடுக்கும் தம்பி வளைவுக்கு வெளியே, மரம் உருண்டால் படாத உயரத்தில், ஓட்டுநர் பார்வையில் நிற்க வேண்டும். வாக்கிடாக்கி இல்லையென்றால் வேலை தொடங்காதீர்கள்.

சின்ன விஷயங்கள் சில. டிரம்மில் குறைந்தது மூன்று சுற்று எப்போதும் மிச்சம் இருக்கட்டும், ஐந்து என்றால் நல்லது. கயிற்று கிளிப்பில் யு-போல்ட் பாகம் வெட்டிய முனைப் பக்கம், அடிப்பாகம் பளு தாங்கும் பக்கம். வின்ச் மோட்டாருக்கு தனி டிரெயின் ஹோஸ் (மோட்டாருக்குள் கசியும் எண்ணெயை வெளியேற்றும் குழாய்) கேட்டிருந்தால் அதை நேராக டேங்குக்குக் கொண்டுபோங்கள். ரிட்டன் லைனோடு சேர்த்தால் பின்னழுத்தத்தில் சீல் பிதுங்கிவிடும்.

நியூசிலாந்து மலைக்காடுகளில் எக்ஸ்கவேட்டரை உச்சியில் நங்கூரமாக நிறுத்தி, கீழே மரம் வெட்டும் இயந்திரத்தைக் கயிற்றால் பிடித்துக்கொள்ளும் முறை பரவலாக இருக்கிறது. அந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது: அங்கே கயிறு டிராக்குக்குப் பிடிப்பு கொடுக்கும் உதவி மட்டுமே. கயிறு இல்லாமல் நிற்க முடியாத சரிவில் இயந்திரத்தை இறக்கக்கூடாது. நங்கூர வண்டியின் பக்கெட்டை மண்ணில் ஆழப் புதைப்பார்கள், வண்டி அசைந்தால் அலாரம் அடிக்கும்.

இங்கே புதைப்பது எளிது, நம்புவதுதான் கடினம். டிசம்பர், ஜனவரி மழைக்குப் பிறகு நம் மேடுகளின் மண் நீரைக் குடித்துக் கனத்து, பிடிப்பு இழந்திருக்கும். விளிம்பில் புதிய வெடிப்புக் கோடு தெரிந்தால் வண்டியைப் பின்னால் எடுத்துவிடுங்கள், சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் சரி. விழுந்த மரத்தை எடுக்கப் போன இடத்தில், பக்கத்தில் நிற்கும் மரம் இடைஞ்சல் என்று அதையும் சாய்த்துவிட வேண்டாம். மரப் பாதுகாப்புப் பகுதியிலும் காலி நிலத்திலும் சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்ட தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். சுற்றளவைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் டேப் வைத்து அளக்க வேண்டும், கண்ணளவு செல்லாது.