இரண்டு தளம் போதாது, மூன்றாவதாக ஒரு சாட்சியும் வேண்டும்

சர்வரை இரண்டு டேட்டா சென்டரில் வைத்துவிட்டால் ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நடுவில் உள்ள இணைப்பு மட்டும் அறுந்தால்? இரண்டு பக்கமும் உயிரோடுதான் இருக்கும். 'எதிர்ப்பக்கம் போய்விட்டது, இனி நான்தான் தலைவர்' என்று இரண்டுமே எழுத ஆரம்பிக்கும். அப்புறம் அந்த டேட்டாவை ஒன்றுசேர்ப்பது பெரும்பாடு.

அதனால் மூன்றாவது இடத்தில் சாட்சியாக ஒரு சின்ன மெஷினாவது வையுங்கள். அதில் டேட்டா இருக்க வேண்டியதில்லை, யார் தலைவர் என்று ஓட்டுப் போட்டால் போதும். பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்கும் பக்கம் மட்டும்தான் எழுதும். ஐந்து நோடு (ஓட்டுப் போடும் மெஷின்) என்றால் 2, 2, 1 என்று பிரியுங்கள். எந்தத் தளம் போனாலும் பெரும்பான்மைக்கான 3 மிஞ்சும். இரண்டே தளத்தில் 3, 2 என்று வைத்தால், 3 இருக்கும் பக்கம் விழும் அன்று எல்லாமே நின்றுவிடும்.

தூரத்தையும் பாருங்கள். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். 1,000 கிலோமீட்டர் என்றால் போய்வரவே 10 மில்லிசெகண்ட். உடனுக்குடன் நகலெடுக்கும் அமைப்பில் ஒவ்வொரு பதிவும் அவ்வளவு நேரம் காத்திருக்கும்.

சரி, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் டிடிஎல், அதாவது அந்த முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு, ஒரு நாள் என்று கிடக்கிறதா? மாற்றுத் தளம் தயாராக இருந்தும் பயனர்கள் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருப்பார்கள். 60 முதல் 300 விநாடிக்குள் இப்போதே குறைத்துவிடுங்கள்.