நெருங்கிப் பார்க்கத் தகுந்த நிலக்காட்சி: செஞ்சி ராஜகிரியை 2 மீட்டர் அகலத்தில் எடுக்கும் முறை

பெரிய நிலக்காட்சிப் படத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மலையின் வடிவம் போதும். அருகில் வந்த பிறகும் அவரை நிறுத்தி வைப்பது நுணுக்கம்தான். ஆகவே, நெருங்கினால் கண்டெடுக்க ஏதேனும் உள்ள காட்சியையே தேர்ந்தெடுக்க வேண்டும். செஞ்சிக் கோட்டையின் குன்றுகளில் ஒன்றான கிருஷ்ணகிரி மேலிருந்து தெரியும் மற்றொரு குன்றான ராஜகிரி அத்தகையது: குவிந்து கிடக்கும் பாறைகள், அவற்றினூடே ஏறும் மதில், அடிவாரத்தில் கல்யாண மகால்.

முதலில் கணக்கு. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 2 மீட்டர் அகலத்தில் அச்சிட ஏறத்தாழ 23,600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, அடுத்தடுத்த படங்கள் 30 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்தால், ஒரு வரிசைக்கு 8 படங்கள் ஆகும். ஓரங்களை வெட்ட நேரும் என்பதால் 10 எடுப்பது நல்லது. ஒரு வரிசை 50 செ.மீ. உயரம் தரும், இரண்டு வரிசை சுமார் 85 செ.மீ. தரும். ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார் கொண்ட) கேமராவில் 135 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பிக்சலுக்குள் அடங்குவது 4.4 செ.மீ. மட்டுமே.

இந்த நுணுக்கத்தை அழிப்பது பெரும்பாலும் கேமரா அன்று, காற்றுதான். வெயில் ஏறியதும் பாறையிலிருந்து எழும் வெப்பம் காற்றை அலைய வைக்கிறது. பிறகு எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் மதிலின் விளிம்பைக் கூர்மையாகப் பதிய முடியாது. மழை தூசியைக் கழுவிய மறுநாள், வாயில் திறந்தவுடன் ஏறிவிடுவதே சிறந்தது. காலை வெயில் உங்கள் பின்புறமிருந்து ராஜகிரியின் மேல் விழும். ட்ரைபாடுக்குத் தொல்லியல் துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

ட்ரைபாடை மட்டம் பார்த்து நிறுத்தி, நடுத்தண்டை உயர்த்தாமல் வைக்கவும். லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு (கேமரா சுருக்காமல் தரும் மூலப் பதிவு). வெளிச்ச அளவு, ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட வேண்டும். வானத்தைக் கருமையாக்கும் போலரைசர் வடிகட்டி வேண்டாம், அகன்ற வானத்தில் அது திட்டுத்திட்டான கருமையை உண்டாக்கும். அருகிலுள்ள பாறையைச் சேர்ப்பதானால், லென்ஸின் நுழைதுளையை (முன்புறமிருந்து பார்க்கும்போது தெரியும் துளையை) மையமாகக் கொண்டு சுழற்ற உதவும் பனோரமா ஹெட் அவசியம்; இல்லையெனில் இணைப்பில் கோடுகள் முறியும். மேகம் நகர்வதற்குள் ஒரு வரிசையை இடைவிடாமல் முடித்து, ஒவ்வொரு படத்தையும் 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி அங்கேயே சரிபார்ப்பது நேரம் பிடித்தாலும் தவிர்க்கக் கூடாதது.

இணைப்பதற்கு இலவச மென்பொருளான ஹியூகின் போதும். 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்து, கல்யாண மகாலும் அதையொட்டிய மதிலும் உள்ள பகுதியை மட்டும் அசல் அளவில் ஏ4 தாளில் அச்சிட்டு, ஒரு சாண் தொலைவில் வைத்துப் பாருங்கள். மதிலின் கற்களைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடிந்தால் முழுப் படத்தையும் அச்சுக்கு அனுப்பலாம்.